இழை அறுவதை முதலில் காண்பவர் யார்?

வடமதுரை, வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளின் வேன்கள் விடியுமுன்பே காலனித் தெருக்களுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் ஏறிச் செல்லும் பெண்களில் பலர் ‘சைடர்’கள். ரிங் பிரேம் எந்திரத்தின் ஓரமாக நடந்துகொண்டே, அறுந்த இழையைக் கண்டு ஒட்டுவது அவர்கள் பணி. வளையத்தில் ஓடும் டிராவலர் என்னும் சிறு கம்பித் துண்டு தேய்ந்தால் நூலில் பிசிறு கூடும், இழை அடிக்கடி அறும். ஆய்வகத்தில் தெரிவதற்கு முன்பே அது சைடரின் விரலுக்குத் தெரிந்துவிடும். அவரால் அதைச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் தரம் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

நம் நாட்டவர்க்குத் தர உணர்வே கிடையாது, அது ஜப்பானியரின் தேசியப் பண்பாடு என்று பொறியியல் வகுப்பறைகளிலும் ஆலை அலுவலகங்களிலும் சொல்லக் கேட்கிறோம். வரலாறு அதை ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவுச் சரக்கு என்ற பெயர் இருந்தது. 1950இல் அங்கு விரிவுரையாற்றச் சென்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கின் பெயரால் 1951இல் ஒரு தர விருது நிறுவப்பட்டது. அந்த விருதை 1998இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு பெற்றது. அங்கே உழைத்தவர்களும் நம்மவர்களே.

டெமிங் பின்னாளில் வகுத்த பதினான்கு நெறிகளுள் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுவது. டொயோட்டா ஆலையில் குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் அவரிடம் வரவேண்டும். குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். (ஜப்பான் சமத்துவச் சொர்க்கமன்று. புராக்குமின் குடியிருப்புகளைப் பட்டியலிட்ட நூல்களை நிறுவனங்கள் இரகசியமாக வாங்கி ஆளெடுப்பில் பயன்படுத்தியது 1975இல் அம்பலமானது.)

நம் ஆலைகளில் அந்தக் கயிற்றை இழுக்கவிடாமல் தடுப்பது எது? சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்வோரையே படிநிலையில் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே சுட்டிக்காட்டினார். எந்திரத்தைத் தொடும் கை கீழே, ஆணையிடும் வாய் மேலே என்ற அடுக்கில், கீழிருந்து வரும் தகவல் எதிர்ப்பேச்சாகவே கேட்கப்படுகிறது. சொல்பவர் தலித் பெண்ணாகவும், மூன்றாண்டு முடிவில் கிடைக்கும் மொத்தத் தொகைக்காக விடுதியில் அடைபட்ட ‘சுமங்கலி’த் திட்டத் தொழிலாளியாகவும் இருந்தால் வாய் திறப்பாரா?

சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் மேலாளரின் ஆணையை வேண்டுமென்றே மீறுவது ஒழுங்கீனம். வழக்கமான கவனக்குறைவும் ஒழுங்கீனம். சொல்லாமல் எந்திரத்தை நிறுத்தினால் முதல் குற்றச்சாட்டு, ஓடவிட்டால் இரண்டாவது. என்னிடம் வந்த ஒரு பெண், டிராவலரை மாற்றச் சொல்லி இருமுறை கேட்டவர். நூல் திரும்பி வந்தபோது விளக்கம் கேட்டு மெமோ அவருக்குத்தான் வந்தது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட நாச்சி அப்பேரல் ஆலையில் பணியாற்றிய இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பின் நடந்த போராட்டத்தின் விளைவே 2022 ஏப்ரலின் திண்டுக்கல் ஒப்பந்தம். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் அதில் கையொப்பமிட்டன. எச் அண்டு எம் நிறுவனமும் தன்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுக்கும் அவ்வேற்பாட்டில், சங்கப் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே பணித்தளக் கண்காணிப்பாளர்களாக இருந்தனர். முறையிட்டவரைப் பழிவாங்குவது அதில் தடைசெய்யப்பட்டது.

அது உடல்சார்ந்த பாதுகாப்புக்காகப் பிறந்த ஒப்பந்தம், நூலின் தரத்திற்காக அன்று. ஆனால் மேற்பார்வையாளரின் கை தவறான இடத்தில் படும்போது சொல்ல முடியாதவர், டிராவலர் தேய்ந்ததை மட்டும் எப்படிச் சொல்வார்? இரண்டையும் அடைப்பது ஒரே அச்சம்.

வடமதுரைப் பகுதி ஆலைகளில் பெரும்பாலானவை அவ்வொப்பந்தத்திற்கு வெளியேதான் இருந்தன. அங்குள்ள சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் ஒரு வரியைச் சேர்த்துக் கேட்கலாம்: குறை கண்டு எந்திரத்தை நிறுத்தியதற்காகவோ, குறையைச் சொன்னதற்காகவோ எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது.