'பழசு' என்று அறிவிக்கப்படுதல்: கணினி, தேய்மானம், கோப்பு

2025 அக்டோபர் 14 அன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் பழசாகிப்போயின. முந்தின நாள் வரை அவை பழசில்லை. எதுவும் எரியவில்லை, உடையவில்லை, துருப்பிடிக்கவில்லை. 2015-ல் வெளியிட்ட விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை அன்றோடு நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. நாள் வந்தது, நிறுத்தியது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் அதற்கொரு பட்டியல் உண்டு. இன்டெல் பிராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை தொடங்கி, அதாவது 2017-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். நான் எழுதும் மடிக்கணினி 2016-ல் வாங்கியது, ஆறாம் தலைமுறை. டி.பி.எம். 2.0 அதில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் பட்டியலில் இடமில்லை.

"புதுசு வாங்கிடலாமா, இருக்கிறதையே ஓட்டலாமா தோழர்?" என்ற கேள்வி எழுத்தாள நண்பர்களிடமிருந்தும் உரிமை அமைப்புகளில் வேலை செய்கிறவர்களிடமிருந்தும் அப்போதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வேகம், விலை என்று நுகர்வோர் பக்கங்கள் சொல்லும் பதில் இருக்கிறது. அது தவறில்லை, போதாது. 'தரம் உயர்த்துதல்' என்ற சொல்லே வழக்கை விசாரிக்காமல் தீர்ப்பெழுதிவிடுகிறது. இருப்பது தரம் தாழ்ந்தது என்று யார் சொன்னது, எந்த அர்த்தத்தில் சொன்னது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்க முடியும்.

எந்திரம் தேய்வதைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) எந்திரங்கள் குறித்த அத்தியாயத்தில் பேசுகிறார். உபயோகத்தால் வரும் பௌதிகத் தேய்மானம் உண்டு, உபயோகிக்காமல் கிடந்து கெடுவதும் உண்டு. இவற்றுக்கு அப்பால் 'தார்மிகத் தேய்மானம்' என்று ஒன்றைச் சொல்கிறார். அதே எந்திரத்தை மலிவாகச் செய்ய முடிந்துவிட்டாலோ, அதைவிடச் சிறந்தது சந்தைக்கு வந்துவிட்டாலோ, பழைய எந்திரம் எவ்வளவு திடமாக இருந்தாலும் அதன் மதிப்பு கரைகிறது. கரைவதற்குள் போட்ட பணத்தைப் பிழிந்துவிட முதலாளி வேலைநாளை நீட்டுகிறான் என்பது அங்கே அவருடைய வாதம். நம் மேஜைக்கு இதைக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல். நான் கட்டுரை எழுதி விற்பனைச் சந்தையில் இன்னொரு விமர்சகனோடு வேகப்போட்டி போடவில்லை (போட்டால் பரவாயில்லை, இதழ்களாவது நேரத்துக்கு வரும்). பக்கத்து வீட்டு எட்டாம் தலைமுறைக் கணினியால் என் கணினியின் எழுதும் திறன் ஒரு துளியும் குறையவில்லை. ஆக, இங்கே நடந்திருப்பது பௌதிகத் தேய்மானமும் இல்லை, மார்க்ஸ் சொன்ன தார்மிகத் தேய்மானமும் முழுசாக இல்லை. மூன்றாவதாக ஒன்றிருக்கிறது. அறிவிப்புத் தேய்மானம் என்று இதற்குப் பெயர் வைக்கிறேன். ஒரு தேதியும் ஒரு பட்டியலுமே அதன் கருவிகள்.

இது புதிய யோசனையுமில்லை. அமெரிக்கப் பொருளாதார மந்தத்தின் நடுவில், 1932-ல், பெர்னார்ட் லண்டன் என்கிற நிலபுல வியாபாரி ஒரு சிறு பிரசுரம் போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் குறிக்க வேண்டும். ஆயுள் முடிந்த பின்பும் வைத்துப் புழங்குகிறவனுக்கு வரி போட வேண்டும். அப்போதுதான் தொழிற்சாலைகள் ஓடும் என்று அதில் யோசனை சொன்னார். அன்றைக்கு அதை எந்த அரசும் ஏற்கவில்லை. ஆனால் 2025-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஓராண்டு நீட்டிப்பைப் பாருங்கள். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வேண்டுமானால் 30 டாலர் கட்டு. அல்லது உன் கணினியின் அமைப்புகளை எங்கள் கணக்கில் ஏற்றி வை. வரியைப் பணமாகவும் கட்டலாம், தகவலாகவும் கட்டலாம் என்றாகிறது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்ப்புக் காட்டியதும் அங்கே மட்டும் நிபந்தனை தளர்ந்தது. இயற்கை மரணத்தில் இப்படிப் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடிகிறது என்பதே இது அதிகாரத்தின் விஷயம் என்பதற்குச் சாட்சி.

நிறுவனத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் சாவியை டி.பி.எம். தனியே காக்கிறது, மடிக்கணினி திருடுபோனால் இது உதவும். புதுப் பிராசஸர்களில் சில பாதுகாப்பு ஏற்பாடுகள் வேகம் குறையாமல் ஓடுகின்றன. உண்மைதான். கூடவே, பெரும்பாலான புதுக் கணினிகளோடு ஒரு விண்டோஸ் உரிமமும் விற்கிறது என்பதும் உண்மை.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 'கணினி ஸ்லோவாயிடுச்சு' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பிராசஸரைப் பழிக்கிறார்கள். பழைய மடிக்கணினிகளில் குற்றவாளி அநேகமாக ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றும் ஒரு தட்டு, அதன்மேல் நகரும் ஒரு முள். கேட்ட தகவல் முள்ளுக்கடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகர்வதற்கு வேறு நேரம். கூட்டிப் பார்த்தால் நொடிக்கு நூறு இடங்களுக்குக்கூட அதனால் போய்வர முடியாது. மெமரி 4 ஜி.பி. மட்டும் இருந்தால் இன்னும் மோசம்: மெமரி நிரம்பியதும் மிச்சத்தைக் கணினி இதே தட்டில் எழுதிவைத்துத் திரும்ப எடுக்கிறது. பத்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவனின் கணினி உண்மையில் யோசிப்பதில்லை, தேடிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யை மாட்டி, மெமரியை 8 ஜி.பி. ஆக்கினால் அதே பிராசஸர் வேறு பிராசஸராகத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் அரை மணி நேர வேலை. சில மெலிந்த மடிக்கணினிகளில் மெமரியைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், அதில் கை வைக்க முடியாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். எரிக் வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 32 எம்.பி. கொள்ளளவுள்ள, 2 கிராம் எடையுள்ள ஒரு மெமரிச் சில்லைச் செய்யவும் உபயோகிக்கவும் 1600 கிராம் எரிபொருளும் 72 கிராம் வேதிப்பொருளும் ஆகின்றன. அதைச் செய்கையில் 32 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. மடிக்கணினியைப் பொறுத்தவரை, ஆயுள் முழுக்க அது எரிக்கும் மின்சாரத்தைவிட அதைச் செய்வதில்தான் கரி அதிகம் வெளியாகிறது. தூக்கிப்போட்டபின் எங்கே போகிறது? ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம். மிச்சத்தின் ஒரு பகுதியைத் தில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் கையுறை இல்லாத கைகள் பிரிக்கின்றன, அமிலத்தில் முக்குகின்றன. நம் 'புதுசு' யாருடைய நுரையீரலில் 'பழசு' ஆகிறது என்பதும் இந்த முடிவுக்குள் வரும் கணக்கு.

ஆனால் பாதுகாப்பு என்ற இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸை இணையத்தில் வைத்துக்கொண்டு "எங்கிட்ட என்ன இருக்கு எடுக்கிறதுக்கு?" என்று கேட்பது நம்மிடையே ஒரு வீரமாகவே இருக்கிறது. எடுக்க இருப்பது உங்களுடையது மட்டும் இல்லை. களஆய்வில் பேசிய பெண்ணின் பெயர், சாட்சியின் தொலைபேசி எண், வெளியாகாத அறிக்கை எல்லாம் அதில் கிடக்கின்றன. 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்கியபோது அதற்கான திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தத்தைப் போடாத கணினிகளே சிக்கின. திருத்தம் வராத கணினி எப்போதும் அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே வாழ்கிறது. அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆர்சனல் கன்சல்டிங், 2016 ஜூனில் வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததன் வழியே உளவு மென்பொருள் புகுந்ததாகவும், 22 மாதங்களுக்கு மேல் கணினி அந்நியர் பிடியில் இருந்து, அதில் கோப்புகள் வைக்கப்பட்டதாகவும் 2021-ல் வெளியான அறிக்கையில் கூறியது. புலனாய்வுத் தரப்பு இதை ஏற்கவில்லை. நமக்கு இதில் உள்ள பாடம், இப்படி வருகிற தாக்குதலைப் புதுக் கணினி வாங்குவதால் மட்டும் தடுத்துவிட முடியாது என்பது.

எனவே கணினியை மாற்றாமல் இயங்குதளத்தை மாற்றுவதே என் வழி. லினக்ஸ். தமிழ்நாடு அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித் தந்தார்கள். அதைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடம் அடைக்கிறதென்று அழித்தவர்களும் உண்டு. அதை எப்படிப் புழங்குவதென்று வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது ஒரு காரணம். கட்டற்ற மென்பொருள் உலகத்தைச் சொர்க்கமாக்கிப் பேசவும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அங்கேயும் அறிவிப்பு உண்டு. வித்தியாசம் என்னவென்றால், கைவிட்டதை வேறொருவர் எடுத்து வளர்க்கச் சட்டத் தடை இல்லை.

லினக்ஸ் என்றதுமே நம் ஆட்கள் கேட்பது: "பேஜ்மேக்கர் ஓடுமா?" இந்தக் கேள்விக்குள்தான் நம்முடைய உண்மையான பழசு உட்கார்ந்திருக்கிறது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதன் கோப்புகளை இன்டிசைனின் சி.எஸ்.6 வரையான பதிப்புகள் திறந்தன. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. தமிழ்ச் சிறுபத்திரிகைகள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அதில்தான் பக்கம் கட்டின. நான் தொடர்புடைய பத்திரிகையும் அப்படித்தான். அதைவிட ஆழமான சிக்கல் எழுத்துருவில். பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் ஒதுக்கிய 256 இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வரைந்தது. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'சாதி' என்ற சொல் அர்த்தமற்ற நாலு ரோமன் குறிகளாகச் சிதறிவிடும். 1999-ல் தமிழக அரசு டாப், டாம் என்று தரம் வகுத்தது, பலர் சட்டைசெய்யவில்லை. யூனிகோடில் 1991-லிருந்தே தமிழ் இருக்கிறது, 2010-ல் அரசும் அதை ஏற்றது, ஆனால் நம் பக்கங்கள் பழைய எழுத்துருவிலேயே அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. தலித் இலக்கியம் பற்றியும் பின்நவீனத்துவம் பற்றியும் எத்தனை இரவுகள் சண்டை போட்டோம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அதில் கோப்பாக மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி இன்று தேடுபொறிக்கு வெறும் உளறல்.

மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றுவது பொத்தானை அழுத்துகிற வேலை இல்லை. பழைய எழுத்துருவில் 'கொடி' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால், பிறகு டி. யூனிகோடில் உச்சரிக்கிற வரிசை: க, அதன் மேல் ஒகரக் குறி, ட, இகரக் குறி. மாற்றி கொம்பைத் தூக்கி அடுத்த பக்கம் வைக்க வேண்டும். இதைச் சரியாகவே செய்கிறது. 'கௌரவம்' வந்தால் தடுமாறுகிறது. பழைய தட்டச்சில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ளகரத்தையே போட்டுவிடுவார்கள், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பதால். மாற்றிக்கு அது கொம்பு, க, ள. ஆகவே 'கெளரவம்' என்று தருகிறது. விதியை மாற்றிப் போட்டால் 'கெளுத்தி' கெடுகிறது. கட்டுரைக்குள் ரோமன் எழுத்தில் வரும் ஃபூக்கோ, தெரிதா பெயர்களெல்லாம் தமிழ்ச் சிதறலாக மாறும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவலையும் சேர்த்துப் படிக்கிற மாற்றியாக இருந்தால் இந்தக் கடைசித் தொல்லை குறையும். மெய்ப்புத் திருத்த ஒரு மனுஷர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதனால் பழைய கணினியைப் பற்றிய முடிவு தலைகீழாகிறது. அந்த எழுத்துருவும் அந்தப் பேஜ்மேக்கரும் ஏற்றிய பழைய கணினி, அந்தப் பிரதிகளைப் படிக்கத் தெரிந்த வாசகன். புதுசு வாங்கிவிட்டுப் பழசை எடைக்குப் போட்டால் போவது உலோகம் மட்டுமில்லை. எழுத்துருக் கோப்பைச் சேமிக்காமல் ஆவணத்தை மட்டும் நகலெடுத்து வைத்திருப்பவர்கள் உடனே போய் எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரில் எந்த எழுத்துரு என்று குறியுங்கள். லிப்ரே ஆபிஸ் 2015-லிருந்து பேஜ்மேக்கர் கோப்பை ஓரளவு திறக்கிறது, வடிவமைப்பு குலையும், பிரதி கிடைத்துவிடும்.

என் கணினியில் எஸ்.எஸ்.டி.யும் மெமரியும் மாற்றி லினக்ஸ் போட்டாயிற்று. பழைய விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் மூன்றும் அதே கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியில் இணையத் தொடர்பில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. வீடியோ தொகுக்கிற தோழர்களுக்கு இந்த வழி சரிப்படாது. அவர்கள் வேலை பிராசஸரையே பிழிகிறது, அவர்கள் புதுசு வாங்கட்டும். தாய்ப்பலகை போனவர்களும் வாங்கட்டும். வாங்கிய பின் பழைய ஹார்ட் டிஸ்கைக் கடைக்காரரிடம் மாற்றுவிலைக்குத் தள்ளிவிட வேண்டாம். 'டெலீட்' அடித்தது எதுவும் அதிலிருந்து போய்விடுவதில்லை. முழுத் தட்டின் மீதும் வேறு தகவலை எழுதி அழித்த பிறகே வெளியே விட வேண்டும்.

எங்கள் பத்திரிகையில் மாற்றி மெய்ப்புப் பார்த்தது இதுவரை நாலு இதழ். பதினோரு இதழ் மிச்சம். ஔகாரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவர்கள் தேவை.