கார் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறதா? அந்த கோடு சொல்வது என்ன... சொல்லாதது என்ன?

கோவில்பட்டியில் இருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்கு வழிச்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சாத்தூரைத் தாண்டும்போது டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. "ஓடுதுல்லா, விடுங்க அண்ணாச்சி" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். விடலாமா, நிறுத்தணுமா? விரிவாகப் பார்க்கலாம்.

லைட் எரிவது ஏன்?

காருக்குள் இருக்கும் இசியு என்ற கம்ப்யூட்டர், என்ஜினுக்குள் போகும் காற்று, எரிபொருள், சூடு, வெளியேறும் புகை என எல்லாவற்றையும் சென்சார்கள் மூலம் கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு மாறினால் ஒரு கோடைப் பதிவு செய்துவிட்டு லைட்டை எரியவிடும். இதற்குப் பெயர்தான் ஓபிடி.

புகையைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடே வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் வந்தன. பிஎஸ்-6 வந்த பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன.

சும்மா எரிகிறதா? விட்டு விட்டு மின்னுகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லைட் நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையிலும் சத்தத்திலும் மாற்றம் இல்லை என்றால், வேகத்தைக் குறைத்து ஓட்டிப்போய் சீக்கிரம் காட்டிவிடலாம்.

விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால், ஒரு ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். எனவே ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது.

சிவப்பு நிறத்தில் டெம்பரேச்சர் அல்லது ஆயில் லைட் எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்தணும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

கோடை எப்படிப் படிப்பது?

ஸ்டீயரிங் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோடு தெரியும். புளூடூத் மூலம் செல்போனில் காட்டும் சின்னக் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

பி0301 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இதில் 'பி' என்பது என்ஜின், கியர்பாக்ஸ் பகுதி. அடுத்த 0 எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. அங்கே 1 வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரிய கோடு. மூன்றாவதாக வரும் 3 இக்னிஷன் கோளாறு. கடைசி 01 முதல் சிலிண்டர். அதே இடத்தில் 1 அல்லது 2 வந்தால் காற்று, எரிபொருள் பிரச்சினை. 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு.

கோடு சொல்லாதது என்ன?

பலர் காசை விடுவது இங்கேதான். கோடு சொல்வது எந்தப் பகுதியில் கோளாறு என்பதை. எந்தப் பொருளை மாற்றணும் என்று அது சொல்லாது.

உதாரணத்துக்கு பி0171. என்ஜினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆக்ஸிஜன் சென்சார். உடனே "சென்சார் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்றால், சாட்சி சொன்னவனையே பிடித்து உள்ளே போட்ட கதைதான். ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். கோடையில் புழுதி பறக்கும் கரிசல் காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் அதன் பைப்பையும் முதலில் பார்ப்பது நல்லது.

பி0301-க்கு ஒரு எளிய சோதனை உண்டு. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காரில், முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கணும். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்து தேடணும். புதுப் பொருள் வாங்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிரேக் பேட் தேய்வு, கிளட்ச் வழுக்கல், சஸ்பென்ஷன் சத்தம் போன்ற பலவற்றுக்கு பெரும்பாலான கார்களில் கோடே வராது. "ஸ்கேனர்ல ஒண்ணுமில்ல" என்பதால் வண்டி நல்லா இருக்கு என்று ஆகாது.

டீசல் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் உண்டு. அது சூடேறினால்தான் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் என ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும். பி2463 வந்தால் கரி அதிகம் சேர்ந்துவிட்டது என்று பொருள். டிபிஎஃப் லைட் எரிந்த உடனேயே, மேனுவலில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோடை அழித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. லைட் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். அதோடு, கோடு விழுந்த நேரத்தில் என்ஜின் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்ற 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பதிவும் அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமே அதுதான்.

பழைய கார் வாங்குபவர்களும் இதைக் கவனிக்கணும். விற்பதற்கு முன் கோடை அழித்திருந்தால் ஸ்கேனரில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். அப்படி வந்தால் சில நாள் ஓட்டிய பிறகு மீண்டும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு பணம் கொடுக்கலாம்.

அடுத்த முறை லைட் எரிந்தால் கோடை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போங்கள். "எதை மாத்தணும்?" என்பதற்கு முன், "எதை வச்சு அதுதான்னு சொல்றீங்க?" என்று கேளுங்கள்.