மீன்பிடிக்கப்படாத பகுதியில் பெருஞ்செவ்விறாலின் குடித்தொகை உயிரியல்

பெருஞ்செவ்விறால் (அரிஸ்டியோமார்ஃபா ஃபோலியேசியா) என்பது மத்தியதரைக் கடலிலும் வேறு சில கடல்களிலும் வாழும் ஓர் ஆழ்கடல் இறால் இனமாகும். ஓர் இனத்தின் எண்ணிக்கை, உடல் அளவு, வயது, பால் விகிதம், இனப்பெருக்கம், இறப்பு ஆகியவற்றை ஆராயும் துறை குடித்தொகை உயிரியல் எனப்படுகிறது. மீன்பிடி நடைபெறாத பகுதியில் இவற்றை அளந்தால் மட்டுமே, மீன்பிடியினால் ஓர் இனத்துக்கு ஏற்பட்ட மாற்றம் எவ்வளவு என்பதைச் சரியாக மதிப்பிட இயலும். கிரேக்கத்தின் மேற்குக் கரையை அடுத்த அயோனியன் கடற்பகுதி இத்தகைய ஆய்வுக்கு இடமளித்தது.

இனமும் பரவலும்

இவ்வினத்தை நீஸ் நகரைச் சேர்ந்த இயற்கை அறிஞர் அந்துவான் ரிசோ 1827ஆம் ஆண்டில் விவரித்தார். இது பெரும்பாலும் 400 முதல் 800 மீட்டர் வரையான ஆழத்தில் பிடிக்கப்படுகிறது. மத்தியதரைக் கடலில் இந்த ஆழத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 அல்லது 14 பாகை செல்சியசாகவே இருக்கும். பெண் இறால்கள் ஆண்களைவிடப் பெரியவை. தலையின் முன்புறம் நீண்டிருக்கும் முள், பெண்களில் நீளமாகவும் முதிர்ந்த ஆண்களில் குட்டையாகவும் இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்டியஸ் அல்காக்கி என்னும் இறால் இந்தியாவின் தென்மேற்குக் கடலில் பிடிக்கப்படுகிறது.

அயோனியன் கடலின் இரு கரைகள்

அயோனியன் கடலின் இத்தாலியப் பக்கத்தில் இழுவலைப் படகுகள் பல பத்தாண்டுகளாகச் செவ்விறால்களைப் பிடித்து வந்துள்ளன. கிரேக்கப் படகுகளோ பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரிலேயே தொழில் செய்தன. எனவே, 1990களின் பிற்பகுதியில் கிரேக்க ஆய்வாளர்கள் அங்கு மாதிரிகளைச் சேகரித்தபோது, ஏறத்தாழ மீன்பிடிக்கு உட்படாத ஒரு குடித்தொகையை அவர்களால் ஆராய முடிந்தது.

வயதைக் கணித்தல்

மீன்களின் வயதை அவற்றின் செவிக்கற்களில் உள்ள வளையங்களைக் கொண்டு அறியலாம். இறால்கள் வளரும்போது ஓட்டைக் கழற்றிவிடுவதால் இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே ஏராளமான இறால்களின் தலைமார்பு ஓட்டின் நீளம் மாதந்தோறும் அளக்கப்படுகிறது. ஒரே பருவத்தில் பிறந்தவை ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், அளவுகளை வரைபடமாக்கும்போது ஒவ்வொரு வயதுக் குழுவும் ஒரு முகடாகத் தோன்றும். முகடுகள் நகரும் வேகத்திலிருந்து வளர்ச்சி வீதம் பெறப்படுகிறது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு வீதத்தில் வளர்வதால் அவற்றைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

இறப்பு வீதம்

மொத்த இறப்பு என்பது இயற்கை இறப்பும் மீன்பிடி இறப்பும் சேர்ந்ததாகும். மீன்பிடி நடக்கும் இடத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். அங்கு இயற்கை இறப்பு பெரும்பாலும் மறைமுகமாகவே மதிப்பிடப்படுகிறது. உடல் வளர்ச்சியையும் நீரின் வெப்பநிலையையும் கொண்டு டேனியல் பாலி 1980இல் தந்த சூத்திரம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. மீன்பிடிக்கப்படாத இடத்திலோ மொத்த இறப்பே இயற்கை இறப்பு ஆகும்.

ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். ஓராண்டில் பிறந்த 1000 இறால்களில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு இயற்கையாக இறந்தால், மூன்று ஆண்டுகளின் பின் ஏறத்தாழ 296 எஞ்சும். மீன்பிடியும் சேர்ந்து ஆண்டுதோறும் மூன்றில் இரு பங்கு இறந்தால், எஞ்சுபவை 37 மட்டுமே. இவ்வாறு முதலில் குறைபவை வயது முதிர்ந்த, உருவில் பெரிய இறால்களாகும்.

இனப்பெருக்கம்

பெண் இறால்கள் கோடையை ஒட்டிய மாதங்களில் முட்டையிடுகின்றன. முட்டைகள் வயிற்றில் சுமக்கப்படாமல் நீரில் விடப்படுகின்றன. ஆண் இறால் ஒட்டும் விந்துப்பொதியைப் பெண் இறால் முட்டையிடும் வரை உடலில் வைத்திருக்கும். உருவில் பெரிய பெண்ணின் முட்டைகளும் மிகுதி. எனவே பெரிய பெண்கள் குறையும்போது, பிடிபட்ட எடையுடன் அடுத்த தலைமுறையின் ஆதாரமும் குறைகிறது.

ஒப்பீட்டின் வரையறைகள்

இரு கரைகளுக்கிடையே காணப்படும் எல்லா வேறுபாடுகளுக்கும் மீன்பிடியே காரணம் எனக் கொள்ளலாகாது. கடலடிப் பள்ளத்தாக்குகள், நீரோட்டம், உணவு வளம் ஆகியவையும் இடத்துக்கு இடம் வேறுபடும். இறாலின் இளவுயிரிகளும் நீரோட்டத்தில் மிதந்து செல்லக்கூடியவை.

முக்கியத்துவம்

ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணி தொடங்கிய காலத்து நிலையையே இயல்பான நிலை எனக் கொண்டுவிடுகின்றனர் என்று பாலி 1995இல் சுட்டிக்காட்டினார். மீன்பிடிக்கப்படாத பகுதியின் அளவீடுகள் இப்பிழையைத் திருத்த உதவுகின்றன. மத்தியதரைக் கடலுக்கான பொது மீன்வள ஆணையம் 2005ஆம் ஆண்டில் 1000 மீட்டருக்குக் கீழே இழுவலை பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆனால் பெருஞ்செவ்விறாலின் பெரும்பகுதி அதற்கு மேலுள்ள ஆழத்திலேயே வாழ்கிறது. அயோனியன் கடலின் செவ்விறால்களுக்கெனத் தனி மேலாண்மைத் திட்டம் 2018இல் ஏற்கப்பட்டது. மீன்பிடி தொடங்கிய பின்னர் ஓரிடத்தின் பழைய நிலையை மீண்டும் அளக்க இயலாது என்பதால், அதற்கு முன்னரே எடுக்கப்பட்ட அளவீடுகள் ஈடுசெய்ய முடியாத மதிப்புடையவை.