குழாய்க்குத் தெரியாத குடல் நோய்! மருந்தை நிறுத்தினால் திரும்பி வருகிறது

நாளைக்கு எட்டு, பத்து தடவை தண்ணீராகப் போகிறது. ரத்தம் இல்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கிறார். குடல் பளிச்சென்று இருக்கிறது. "ஒண்ணுமில்லே, போங்க" என்று அனுப்பி விடுவதும் உண்டு.

சிறு சதை கிள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பெயரே "மைக்ராஸ்கோப்பிக் கொலைட்டிஸ்". இதில் ஒரு வகையை 1976-ல் சுவீடனில் மால்மோ நகர டாக்டர் லிண்ட்ஸ்ட்ரோம் எழுதி வெளியிட்டார். 50 வயது தாண்டிய பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

தெரிந்த பிறகு என்ன ஆகும்? குடல் புற்று நோய் ஆபத்தை இது கூட்டுவதில்லை. அந்த பயம் வேண்டாம். சிலருக்குத் தானாகவே அடங்கும். சிலருக்கு மூட்டு வலி மாத்திரையோ நெஞ்செரிச்சல் மாத்திரையோ காரணம். டாக்டரைக் கேட்டு அதை மாற்றினாலே போதும். மற்றவர்களுக்கு "பியூடெசொனைடு" மருந்து, தினம் 9 மில்லி கிராம், 6 முதல் 8 வாரம். பெரும்பாலோருக்குப் போக்கு நின்று விடும்.

தொல்லை அதற்கப்புறம்தான்! மருந்தை விட்டதும் பாதிப் பேருக்கு மேல் சில மாதத்தில் மறுபடி ஆரம்பம். பஸ் ஏறவே பயந்து வீட்டோடு முடங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அளவைக் குறைத்து மாதக் கணக்கில் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு வகை என்பதால் எலும்பு தேயாமல் கவனிக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களிடம் நோய் சீக்கிரம் அடங்குவதில்லை.