எதிரே லோரி வராத சாலை

“சைக்கிள்ல ஊர் சுத்தப் போறியா? சடக்குல போற லோரிக்குக் கண்ணு இருக்கா?”

இது என் அம்மாவின் கேள்வி. சுங்கை சோவில் எங்கள் வீட்டில் இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. காரணம் உண்டு. நான் படிவம் இரண்டில் படித்தபோது, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அப்பாவைப் பெரிய சடக்கில் ஒரு லோரி உரசிச் சென்றது. லோரி நிற்கவில்லை. அப்பாவின் இடது முழங்கை முறிந்தது. அன்று வீட்டின் பின்புறம் சாய்த்து வைத்த சைக்கிளை அவர் அதன் பிறகு தொடவில்லை. என்னையும் தொட விடவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளையாகிய நான், கடந்த ஆண்டு நண்பர்கள் மூவருடன் பிரேசர் மலைக்குச் சைக்கிளில் ஏறினேன். அந்தச் சாலையில் அப்படி என்ன சிறப்பு, அதிலிருந்து நம் ஊர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துச் செம்மண் சாலை

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் சைக்கிளின் பின்னால் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவாராம். எங்கள் காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் சாலை அதேதான். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் நான் அந்தச் செம்மண் சாலையில்தான் சைக்கிள் மிதித்தேன். பழக்குலை ஏற்றும் டிராக்டரைத் தவிர வேறு வண்டி வராது.

ஏன் வரவில்லை என்று அப்போது யோசித்ததில்லை. தோட்டத்தின் வாசலில் ஒரு தடுப்புக் கம்பு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஜாகா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் காரணம். முதலாளியின் பழக்குலையைக் காக்கப் போட்ட கம்பு, அவர் அறியாமலேயே எங்களையும் காத்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், கம்பு இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

வாகனமில்லாப் பாதை என்றால் என்ன?

சைக்கிள் பயணம் செய்பவர்கள் தேடுவது பெரும்பாலும் மூன்று வகைப் பாதைகளை. முதலாவது, வாகனங்களுக்கு இடமே இல்லாத தனிப்பாதை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வரை ஓடிய நம் கேடிஎம் இரயில் 2011 ஜூன் 30-உடன் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்த பிறகு, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நிலத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்கினார்கள். இரயில் செங்குத்தாக ஏறாது என்பதால், பழைய இரயில் பாதைகள் சைக்கிளுக்கு மிகவும் ஏற்றவை.

இரண்டாவது, நேரம் ஒதுக்கப்பட்ட சாலை. கோலாலம்பூர் நகரின் சில சாலைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்களுக்கு மூடிவிடுவது இவ்வகை. மூன்றாவது, வாகனங்கள் வேறு வழியில் போய்விடுவதால் தானாகவே வெறிச்சோடிய சாலை. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

ஏரியும் மலையும்

கோல குபு பாரு எங்கள் ஊருக்கு வடக்கே, செரண்டா, பத்தாங் காலி, ராசா ஊர்களைத் தாண்டி இருக்கிறது. பெயரில் ‘பாரு’ இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1883-இல் அணை உடைந்து பழைய கோல குபு வெள்ளத்தில் மூழ்கியது; பலர் மாண்டனர். அதன் பின்னரும் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் படிந்து வெள்ளம் தொடர்ந்ததால், 1930-ஐ ஒட்டி ஊரையே வேறிடத்திற்கு மாற்றினார்கள். பழைய ஊர் இருந்த இடம் இன்று அம்பாங் பெச்சா. ‘உடைந்த அணை’ என்று பொருள்.

ஊரைவிட்டு ஏறத் தொடங்கினால் சற்று நேரத்தில் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு வந்துவிடும். ஏறக்குறைய 110 மீட்டர் உயரம். 230 மில்லியன் கன மீட்டர் நீர் தேக்கக்கூடியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் இந்த ஏரிக்கும் பங்குண்டு. அந்தத் தண்ணீருக்காக பெர்த்தாக், கெராச்சி ஆகிய தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. ஏரியின் அழகைப் படமெடுக்கும் நேரத்தில் அவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஏரியைத் தாண்டியதும் காடு. ரவூப்பிற்குச் செல்லும் இந்தக் கூட்டரசுச் சாலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போடப்பட்ட பழைய மலைவழி. 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி இந்த வழியில்தான் கம்யூனிஸ்டு கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். பகாங் செல்லும் வாகனங்கள் இன்று பெரும்பாலும் காராக் நெடுஞ்சாலையில் போய்விடுகின்றன. அதனால் இங்கே வார நாள் காலையில் சியாமாங் குரங்குகளின் கூச்சலைக் கேட்க முடிகிறது.

சிலாங்கூர்–பகாங் எல்லையில் ‘தி கேப்’ வருகிறது. அங்கிருந்து மலையுச்சிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். சாலை மிகக் குறுகலானது. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் திண்டாட்டம். எனவே பல்லாண்டுகளாக அங்கே ஒரு கதவு போட்டு, ஒரு மணி நேரம் ஏறுபவர்களுக்கும் அடுத்த மணி நேரம் இறங்குபவர்களுக்கும் வழிவிட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் இறங்குவதற்கு ஒரு புதிய சாலை வந்ததும், பழைய சாலை ஏறுவதற்கு மட்டும் என்றானது. மண்சரிவால் புதிய சாலை மூடப்பட்ட காலங்களில் பழைய கதவு முறையே மீண்டும் கைகொடுத்தது. எப்படியாயினும் ஏறும்போது எதிரே வண்டி வராது. ஒரு கதவும் ஒரு கடிகாரமும் செய்யும் வேலை இது!

போக விரும்புவோருக்கு

கோல குபு பாருவிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் சாலை வளைந்து வளைந்து மெதுவாகவே ஏறுகிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர்தான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுபோல, சிறிய கியரில் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகமே போதும்.

வார இறுதியில் பெரிய மோட்டார்கள் கூட்டமாக வருவதுண்டு. வார நாளே மேல். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். மதியத்திற்குப் பின் மழை பிடித்தால் சாலை வழுக்கும், மண் சரியும். ஏரியைத் தாண்டினால் கடை கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். முன்னும் பின்னும் விளக்கு தேவை. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். புறப்படுமுன் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் வேனில் சைக்கிள்களை ஏற்றிக் கோல குபு பாருவரை போனோம். அந்த நிபந்தனையின் பேரில்தான் அம்மா சம்மதித்தார்: பெரிய சடக்கில் ஒரு மைல்கூட மிதிக்கக் கூடாது!

நாம் என்ன செய்யலாம்?

பெரோடுவா கார்த் தொழிற்சாலை இருப்பது எங்கள் சுங்கை சோவில்தான். வேலை வந்தது, கார் வந்தது, தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்களும் வந்தன. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நிலம் கேட்டுப் போராடத் தெரிந்த நாம், நம் தாத்தா பாட்டிகள் தேய்த்துப் போட்ட சாலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுண்டா? தாமானிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில், பழைய செம்மண் சாலையின் ஒரு துண்டை அப்படியே விட்டு, இரு முனையிலும் கார் நுழையாதபடி ஒரு கம்பு போட்டால் போதும். சிங்கப்பூரில் இரயில் பாதைக்குச் செய்ததை நாம் தோட்டச் சாலைக்குக் கேட்கலாம். பட்டதாரிகளாகப் போகும் நாம் வட்டாரத் திட்ட வரைவுகளைப் படித்து, மக்கள் கருத்துக் கேட்கும் நேரத்தில் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். தானாகக் கிடைத்த பாதை தானாகவே போய்விடும். கேட்டு வாங்கிய பாதையே நிலைக்கும்.

மலையிலிருந்து திரும்பிய இரவு அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “எத்தன லோரி வந்துச்சு?”

“கேப்புக்கு மேல ஒன்னுகூட இல்லப்பா. எதிர்ல யாருமே வரல.”

அவர் பதில் பேசவில்லை. மறு ஞாயிறு காலை வீட்டின் பின்புறம் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா தன் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தோட்டத்துப் பக்கம் இன்னும் சாலை இருக்குல்ல, தம்பி?” என்றார்.

கொஞ்சம் இருக்கிறது.