பாதம் படும் பலகை

சீமெந்துத் தரை வெப்பநாட்டுக்கு ஏற்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நடப்பது ஓர் இன்பம். ஆனால், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே, மார்கழி விடியற்காலையில் அதே சீமெந்தில் கால் வைத்தவர்களுக்குத்தான் அங்குள்ள பழைய பங்களாக்களில் பலகைத் தளம் இட்டதன் காரணம் விளங்கும். மரம் உள்ளங்காலின் சூட்டை விரைவில் உறிஞ்சுவதில்லை. ஆதலின் அது குளிர்வதில்லை.

உத்தியோகத்தின் பொருட்டு மலைநாடு சென்று, அங்கேயே ஒரு சிறு வீட்டை வாங்கிய நாம், அதன் மண்டபத்துக்கு மரத்தளம் இட விரும்பினோம். மகளின் மேற்படிப்புக்கென வங்கியில் இட்டிருந்த பணத்தில் ஒரு பகுதியை அதற்காக எடுத்தோம். மரக்காலையொன்றில், "நன்றாகக் காய்ந்த தேக்கு" என்று சொன்னதை நம்பி, 4 அங்குல அகலப் பலகைகளை வாங்கினோம். அது ஆடி மாதத்து மழைக்காலம். பலகைகள் வந்திறங்கிய மறுநாளே ஆணி அறையப்பட்டது. தளம் கண்ணாடிபோல் விளங்கக் கண்டு மகிழ்ந்தோம்.

மாசி மாதம் பிறந்தது. மழை ஓய்ந்து வெயில் எறித்தது. பலகைகளுக்கிடையே அரைக்கால் அங்குல இடைவெளிகள் தோன்றின. எம் இளைய மகன் தன் உண்டியற் காசை ஒவ்வொன்றாக அவற்றினுள்ளே போட்டுவிட்டு, "அப்பா, இந்தத் தளமும் காசு சேர்க்கிறது" என்றான். எல்லோரும் நகைத்தோம். அருகில் நின்ற மகளின் முகத்தை மட்டும் எம்மால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

அயலிலிருந்த முதிய தச்சர் ஒருவர் வந்து, முழந்தாளிட்டுத் தளத்தைத் தடவிப் பார்த்தார். "ஐயா, மரம் நல்ல மரந்தான். காயுமுன்னே அடித்துவிட்டார்கள்" என்றார்.

மாணவர்கள் இதனை ஒரு கணக்காகவே கொள்ளலாம். மரத்துண்டொன்றை நிறுத்து, அடுப்புச் சூட்டில் நிறை மேலும் குறையாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். முன்பு 560 கிராம், பின்பு 500 கிராம் எனின், போன நீர் 60 கிராம். அதனை உலர்ந்த நிறையால் வகுத்தால் ஈரம் நூற்றுக்கு 12. வீட்டினுள் இடும் பலகைக்கு ஏறக்குறைய இந்த அளவு பொருந்தும். இதனினும் மிக்க ஈரத்தோடு இட்ட பலகை, வீட்டுக் காற்றில் உலரும்போது அகலத்திற் சுருங்கும். நீளத்திற் சுருங்குவது மிகச் சிறிதே. எம் மண்டபத்தில் 36 பலகைகள். ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் சுருங்க, மொத்தம் 4½ அங்குலம் வெறுமையாயிற்று. அஃதாவது, ஒரு முழுப் பலகைக்கும் மேற்பட்ட இடம்!

மரத்தைத் தெரிவு செய்கையில் வைரத்தையே நாடுக. வெளிறிய புறப்பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ளது, குறைவாகவே சுருங்குவது. அது இந்நாட்டுக் காட்டு மரமன்று. 1680 அளவில் ஒல்லாந்தர் கொணர்ந்து நட்டது. முதிரை நம் வறண்ட காடுகளின் செல்வம். பொன்னிறமும் மிக்க வன்மையும் உடையது. எனினும், இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் 1990இல் நிறுத்தப்பட்டது. ஆதலால், இடிக்கப்படும் பழைய வீடுகளின் முதிரைப் பலகைகள் கிடைப்பின் அவற்றை மறுபடி சீவிப் பயன்படுத்துவது நன்று. பல்லாண்டு காய்ந்த மரத்துக்கு ஈடில்லை. பைன் மரம் மென்மையானது. நாற்காலிக் கால் பட்டாலும் பள்ளம் விழும்.

இனித் தளமிடும் முறை. பலகைகளை இடவிருக்கும் அறையிலேயே, இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும். கீழே சீமெந்து இருப்பின், 2 அடிச் சதுரப் பொலித்தீன் தாளை விளிம்புகள் ஒட்டி அதன்மேல் ஒரு நாள் விட்டுப் பார்க்க. அடியில் நீர் முத்திட்டால் சீமெந்து இன்னும் உலரவில்லை. மரச்சட்டங்களின் மேல் இடுவதாயின், தளத்தின் கீழே காற்று உலாவ அத்திவாரச் சுவரில் துளைகள் விட்டு, எலி புகாவண்ணம் கம்பிவலை இடுக. பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் தவாளிப்பும் வெட்டி, நாக்கினூடே சாய்வாக ஆணி அறைந்தால், ஆணி வெளியே தெரியாது. பலகை சிறிது சுருங்கினாலும் இடைவெளியூடே காசு விழாது. மழைக்காலத்தில் மரம் விரியுமாதலால், சுவரோரங்களில் அரை அங்குலம் விடுவது அவசியம். சுவரடிப் பலகை அதனை மறைத்துவிடும்.

எம் தளத்துக்கு நேர்ந்ததென்ன? ஏழு மாதம் வீட்டினுள் கிடந்து, பலகைகள் இதற்குள் தாமாகவே காய்ந்திருந்தன. தச்சர் அவற்றைப் பெயர்த்து, நாக்கும் தவாளிப்பும் வெட்டி, நெருக்கி அமைத்தார். உலர்ந்த பலகைகள் நான்கே புதிதாக வாங்கினோம். மகனின் காசுகளும் மீண்டன.

எஞ்சியது எம் தாயாரின் மனத்தாங்கல். "தம்பி, வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவாத வீட்டில் விளக்கேற்றுவது எப்படி?" என்று அவர் வருந்தினார். வாளி நீர் மரத்துக்குப் பகை. ஆகவே, வாயிற்படியையும் விறாந்தையையும் கழுவுவது, மண்டபத்தைப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவது என ஒருவாறு உடன்பட்டோம். குத்துவிளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தட்டும் வந்தது.

இல்லத்தரசியரே, நன்கு அமைந்த முக்கால் அங்குலத் தளத்தைத் தேயுந்தோறும் இழைத்து மெருகிடலாம். ஒரு தலைமுறைக்கு அப்பாலும் அது உழைக்கும். அதற்கு விலையுயர்ந்த மரம் மட்டும் போதாது; பலகை காயும்வரை பொறுத்திருத்தலும் வேண்டும். பொறாமல் அவசரப்பட்ட எமக்கு இரண்டாவது கூலியும் செலவாயிற்று. மகளின் கணக்கில் அதனை மாதந்தோறும் சிறிது சிறிதாக இட்டு வருகின்றோம்.