வாடகைக் காரில் ஒரு கல்யாணப் பயணம்

தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று பிரிக்பீல்ட்ஸ் மண்டப வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தாய்மாமனாகிய நானோ சிரம்பானுக்குப் போகும் சாலையில் சென்று கொண்டிருந்தேன்!

தோட்டத்துச் செம்மண் சாலையில் இருபது வருடம் ஓட்டியவன்தான். ஆனால் அன்று கிள்ளானில் வாடகைக்கு எடுத்த காரில், அம்மாவையும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் இறங்கியதும் கை நடுங்கியது. பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் பெரிய வளைவு ஒன்று வரும். 1974-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அதன் நினைவாக எல்லையில் கட்டிய கோத்தா டாருல் ஏசான் அது. அதைக் கண்டதும் "ஊர் வந்துவிட்டது" என்று நிம்மதியானேன். தவறு அங்கேதான் ஆரம்பம். இடது தடத்துக்கு மாறியிருக்க வேண்டியவன் நடுத்தடத்திலேயே போனேன். திரும்ப வேண்டிய கிளைச்சாலை கண்ணெதிரே விலகிப் போயிற்று.

ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்துவிடலாமா என்று கியரில் கை வைத்தேன். லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு பறந்தது. கார் குலுங்கிற்று.

"தம்பி, பின்னால எடுக்காதே. முகூர்த்தம் போனா போகட்டும், முன்னால போயித் திரும்பு" என்றார் அம்மா.

அந்தச் சொல்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது. நெடுஞ்சாலையில் வழி தவறினால் நஷ்டம் பத்து இருபது நிமிடந்தான். பின்னால் எடுத்தால் உயிரே நஷ்டம். 'சூசூர் கெலுவார்' என்ற பலகை அடுத்து எங்கே வருகிறதோ அதில் இறங்கித் திரும்பலாம்.

படிவம் இரண்டில் படிக்கும் மகளை முன் இருக்கைக்கு மாற்றினேன். கைப்பேசியின் வரைபடத்தையும் பலகைகளையும் பார்த்துச் சொல்வது அவள் வேலை. (ஓட்டுகிறவர் கைப்பேசியைக் கையில் பிடிப்பது குற்றம்.) 'செஹாலா' என்றால் ஒருவழிப் பாதை, 'பூசாட் பண்டார்' என்றால் நகர மையம். டோல் கட்டும் விரைவுச்சாலைகளுக்குப் பச்சைப் பலகை, மற்றச் சாலைகளுக்கு நீலம். பச்சையைக் கண்டால் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். அங்கே கைக்காசு செல்லாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மட்டும் 2018 தொடக்கத்தில் டோலை எடுத்துவிட்டார்கள்.

பெரியவர்களிடம் வழி கேட்டால் வேறொரு சிக்கல். அவர்கள் வாயில் பழைய பெயர்தான் வரும். பத்து ரோடு என்பார்கள். பலகையில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்றிருக்கும். அம்மா சொன்ன 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' இப்போது ஜாலான் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், பாட்டாளிகளின் காசைச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, அவர் பெயர்தான். அந்தச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் கட்டியவர் என் தகப்பனார். அவர் பெயரைச் சொல்லும் சாலையைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு!

அந்த வட்டாரத்தில் ஒருவழிப் பாதைகள் அதிகம். மண்டபம் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேர ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பேசாமல் மனைவியையும் அம்மாவையும் சீர்த்தட்டோடு இறக்கி நடக்கச் சொன்னேன். காரை நிறுத்திவிட்டு நான் ஓடியபோது, ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டி முறைத்தார். முகூர்த்தம் முடிய எட்டு நிமிடம் இருந்தது.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. எடுக்கும்போதே கீறல்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாத மச்சானிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்தென்றால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். சம்மன் பிறகு வந்தாலும் எடுத்தவர் தலையில்தான் விழும்.

மாலையில் திரும்பும்போது அதே வளைவு மறுபடி தலைக்கு மேலே வந்தது. "கிள்ளான், நேராகப் போங்கப்பா" என்றாள் மகள். பின் இருக்கையில் அம்மா தூங்கிவிட்டிருந்தார்.